கசப்பு சாட்சியாகுமா?



1976-ஆம் ஆண்டில் நம் நாட்டில் மலேரியாக் காய்ச்சல் மீண்டும் பெருகிற்று. பள்ளி மாணவனாயிருந்த என்னையும் அது விட்டுவைக்கவில்லை. குளோரோகுயின் மாத்திரையை விழுங்க மாட்டாமல் நான் முகம் சுளித்தபோது, "கசந்தால்தானப்பா மருந்து!" என்று என் பாட்டியார் தேற்றினார். அதை நான் நெடுநாள் நம்பியிருந்தேன். வேதியியல் ஆசிரியனான பிறகே நாக்கு நல்ல சாட்சியன்று என உணர்ந்தேன்.

மக்களின் இந்நம்பிக்கையைப் போலி மருந்து செய்வோரும் அறிந்திருந்தனர். ஆர்ட்டிசுனேட் என்பது மலேரியாவுக்குரிய சிறந்த மருந்துகளுள் ஒன்று. சீன மூலிகையிலிருந்து கிடைத்த ஆர்ட்டிமிசினின் என்னும் பொருளிலிருந்து அது ஆக்கப்படுகிறது. மூலப்பொருளைக் கண்டறிந்த தூ யூயூ அம்மையார் 2015-இல் நோபெல் பரிசு பெற்றார். ஆயினும், தென்கிழக்காசியக் கடைகளில் ஆர்ட்டிசுனேட் என்று விற்கப்பட்ட 104 மாதிரிகளைச் சோதித்ததில், 38 விழுக்காட்டில் அம்மருந்து அறவே இல்லை என 2001-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. போலி மாத்திரைகள் சிலவற்றில் குளோரோகுயின் கலந்திருந்தது. அப்பகுதியின் மலேரியாக் கிருமிகளோ அதற்கு அடங்காதவை. கசப்பு இருந்தது, காக்கும் ஆற்றல் இல்லை. நம்பி உண்டவர் உயிரிழக்க நேர்ந்தது.

இதனைக் கண்டறியப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுமா? வேண்டுவதில்லை. அமெரிக்க அறிஞர் மைக்கேல் கிரீனும் அவர் குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் எளிய சோதனை ஒன்றை வெளியிட்டனர். மாத்திரையில் சிறிது சுரண்டியெடுத்துச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டுச் சற்று நேரம் வைக்கவேண்டும். பின்னர் அசெட்டிக் அமிலமும், 'ஃபாஸ்ட் ரெட் டி.ஆர்.' என்னும் சாயப்பொருளும் சேர்க்கவேண்டும். மருந்து இருப்பின் மஞ்சள் நிறம் தோன்றும். ஆர்ட்டிசுனேட் நேரே அச்சாயத்துடன் வினைபுரிவதில்லை. காரம் அதனைச் சிதைக்கும்போது பிறக்கும் பொருளே வினைபுரிந்து நிறம் தருகிறது. குளோரோகுயின் இம்மஞ்சளைத் தராது.

ஒரு குழாயில் நிறம் கண்டதும் தீர்ப்புக் கூறலாகாது என்று என் மாணவர்க்கு அடிக்கடி சொல்வேன். பக்கத்தில் இன்னும் இரு குழாய்கள் வேண்டும். ஒன்றில் மருந்தே இடாமலும், மற்றொன்றில் நல்லதென்று உறுதியான மாத்திரையை இட்டும் அதே சோதனையைச் செய்யவேண்டும். இவ்விரண்டோடும் ஒப்பிட்ட பின்னரே நடுக்குழாயின் நிறத்திற்குப் பொருள் உண்டு.

இன்னொன்றையும் மறவாதீர்கள். மருந்து உண்டா என்பது ஒரு வினா; போதிய அளவு உண்டா என்பது வேறு வினா. அளவு குறைந்த மாத்திரையிலும் மஞ்சள் தோன்றக்கூடும். அதனை உண்டால், எளிதில் அடங்கும் கிருமிகள் மட்டுமே மடியும். வலியவை பிழைத்துப் பெருகி, நல்ல மருந்தையும் நாளடைவில் பயனற்றதாக்கும். ஆகையால் நிறத்தின் செறிவை அளந்தறியும் முறைகளும், மெல்லிய தகட்டில் மருந்தை ஊரச் செய்து, அதன் புள்ளியை அளவறிந்த மருந்தின் புள்ளியோடு ஒப்பிடும் முறையும் கையாளப்படுகின்றன. ஐயம் எழுந்தால் முழு ஆய்வுக்கூடமே முடிவு கூறவேண்டும்.

நோயாளி தன் மருந்தைத் தானே சோதித்தறிய இயலாது, நம்பித்தான் விழுங்குகிறான். அந்நம்பிக்கைக்கு ஈடாக எங்கோ ஒருவர் மூன்று குழாய்களையும் பொறுமையோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். உங்களில் சிலரேனும் நாளை அப்பணியை ஏற்பீர்களாக.