நிலத்தைக் கேட்கிற அன்னைக்கே, திருப்பித் தர்ற கணக்கையும் கேட்போம்!

(கோவில்பட்டியில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணி பயிற்சிக் கூட்டத்தில் அணியின் தன்னார்வலர் பேசிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க, பகிருங்க.)



கரிசக்காட்டுல நின்னுக்கிட்டு இவன் ஏன் நெய்வேலியைப் பத்திப் பேசுறான்னு நினைப்பீங்க. காரணம் இருக்கு. நம்ம தூத்துக்குடியில 1050 மெகாவாட் அரசு அனல்மின் நிலையம் ஒண்ணு, நெய்வேலி நிறுவனமும் மின்வாரியமும் சேர்ந்து கட்டின 1000 மெகாவாட் நிலையம் இன்னொண்ணு. அங்க எரியுற கரி ஏதோ ஒரு ஊரோட நிலத்தைத் தோண்டி எடுத்ததுதான். எடுத்து முடிச்ச பிறகு அந்த நிலம் என்ன ஆகுது?

முதல்ல மண்ணைப் பார்ப்போம்.

நம்ம ஊர்ல கிணறு வெட்டினவங்களுக்குத் தெரியும்: மேல கரிசல், கீழ சுக்கான், அதுக்கும் கீழ பாறை. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடிச்சு வச்சுக்கிட்டு உளுந்தையும் பருத்தியையும் காப்பாத்துறது அந்த மேல்மண்தான். அதைத் தலைகீழாப் புரட்டி சுக்கானை மேல போட்டா என்ன விளையும்?

திறந்தவெளிச் சுரங்கத்துல நடக்கிற ஆபத்து இதுதான். நெய்வேலியில பழுப்பு நிலக்கரிக்கு மேல இருக்கிற மணற்கல்லையும் களிமண்ணையும் வெட்டி மலை மாதிரி குவிக்கிறாங்க. மேல்மண்ணை முதல்லயே தனியாச் சீவி வச்சு, குழியை நிரப்பினதும் கடைசியா அதைப் பரப்பணும். கலந்துட்டா வெறும் மேடுதான் மிஞ்சும். நிரப்பின இடங்கள்ல நெய்வேலியில மரம் வளர்த்திருக்காங்க, மறுக்கல. ஆனா மரம் நிக்கிறது வேற, பழையபடி நெல் விளையுறது வேற.

அடுத்தது தண்ணி.

நெய்வேலியில நிலக்கரிக்கு அடியில அழுத்தத்தோட நிலத்தடி நீர் இருக்கு. அதை ராப்பகலா பம்ப் வச்சு இறைக்கலைன்னா, சுரங்கத்தோட தரையே பிச்சுக்கிட்டு மேல வந்துடும். மழைத்தண்ணி உள்ள இறங்காம சுத்தி வாய்க்கால் வெட்டணும். உள்ள விழுந்த தண்ணியை இறைச்சு, வண்டல் படிய வச்சுத்தான் வெளிய விடணும். சுரங்கம் நகர நகர, பக்கத்துல ஓடுற பரவனாற்றையே திருப்பணும்.

அப்படித் திருப்புறதுக்குத்தான் 2023 ஜூலையில வளையமாதேவியில நெற்பயிர் நிக்கும்போதே இயந்திரத்தை இறக்கினாங்க. ஏற்கனவே கையகப்படுத்தின நிலம்னு நிறுவனம் சொல்லுச்சு. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கணும்னு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு.

பொறியியல் படிச்சவனாச் சொல்றேன், வெள்ளம் சுரங்கத்துக்குள்ள போனா ஆள் உயிருக்கே ஆபத்து, வாய்க்கால் அவசியம்தான். ஆனா சுரங்கம் எந்தத் திசையில நகரும்னு பல வருஷத்துக்கு முன்னாடியே திட்டத்துல இருக்கும். அப்போ வாய்க்காலை விதைப்புக்கு முன்னாடியே வெட்டி முடிச்சிருக்கலாமே?

இன்னொரு விஷயம். கரி தீர்ந்து பம்பை நிறுத்தினா, நிலத்தடி நீர் மறுபடி ஏறும். ஜெர்மனியில லவுசிட்ஸ் பகுதியில அப்படி ஏறின தண்ணி மண்ணுல இருந்த இரும்பைக் கரைச்சு, ஸ்ப்ரே ஆற்றையே பழுப்பு நிறமாக்குச்சு. சுரங்கத்தை மூடுன பிறகும் செலவு நிக்காதுங்கிறதுக்கு அது உதாரணம்.

அந்தச் செலவுக்கு நம்ம நாட்டுலயும் விதி இருக்கு. 2009-ல மத்திய நிலக்கரி அமைச்சகம் ஒவ்வொரு நிலக்கரிச் சுரங்கத்துக்கும் மூடல் திட்டம் கட்டாயம்னு சொல்லுச்சு. திறந்தவெளிச் சுரங்கம்னா அன்னைய விலையில ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய்னு கணக்குப் போட்டு, நிறுவனம் வருஷா வருஷம் தனி வங்கிக் கணக்குல கட்டணும்னு அந்த 2009 விதி சொல்லுச்சு. வேலையைச் சரிபார்த்த பிறகுதான் பணம் திரும்பும். தோண்டின இடத்துல மறுபடி புல் வளர்க்கணும்னு குத்தகை நிபந்தனையிலேயே சேர்க்கச் சொல்லி 2020 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டுச்சு.

சொந்தங்களே, தடுக்கிறதுக்குக் குரல் கொடுக்க நமக்குத் தெரியும். 2023 ஏப்ரல்ல மைக்கேல்பட்டி, வடசேரி, சேத்தியாத்தோப்பு கிழக்கு மூணும் நிலக்கரி ஏலத்துல இருந்து நீக்கப்பட்டது தமிழ்நாடே எதிர்த்ததாலதான். ஆனா ஏற்கனவே தோண்டின நிலத்தைப் பத்தி யார் கேட்கிறாங்க? ஹேஷ்டேக் ஓடுற ரெண்டு நாளோட மறந்துடுறோம்.

நம்ம பக்கம் நிலக்கரி இல்ல. கல்குவாரியும் சரள் குழியும் இருக்கே! பெரிய சுரங்கம், குவாரிக்கு அனுமதி கொடுக்கிறதுக்கு முன்னாடி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தணும். அதுக்குக் குறைஞ்சது 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. வரைவு அறிக்கையைக் கலெக்டர் ஆபீஸ்லயே பார்க்கலாம். அதைப் படிச்சுட்டுப் போய் மூணு கேள்வி கேளுங்க:

1. மேல்மண்ணை எங்க, எத்தனை வருஷம் தனியா வைப்பீங்க?

2. மழைத்தண்ணி எந்த ஓடை வழியா எந்தக் கண்மாய்க்குப் போகும்? 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அப்படி ஒரு மழையை அந்த வாய்க்கால் தாங்குமா?

3. மூடுறதுக்கான பணம் எந்தக் கணக்குல, எவ்வளவு இருக்கு?

வர்ற பதிலை எழுத்துல வாங்குங்க. வாங்கினதை நம்ம அணிக்கு அனுப்புங்க, பக்கத்துல போடுவோம். ஒன்றியத்துக்கு ரெண்டு பேர் இதுக்குன்னே பொறுப்பு எடுத்துக்கிட்டா போதும். யார் எடுத்துக்கிறீங்க? கமெண்ட்ல உங்க ஒன்றியத்தோட பேரைப் போடுங்க.



#மேல்மண்_காப்போம் #கரிசல்_மண் #நிலத்தைத்_திருப்பிக்கொடு