கேலிக்கு மேல் ஏறிய தாளம்



1953இல் வெளிவந்த டிஸ்னியின் ‘பீட்டர் பேன்’ படத்தில், அமெரிக்கப் பழங்குடிகளைக் கேலிப்பொருளாக்கும் ஒரு பாட்டு உண்டு. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் கேட்டுச் சிரித்த பாட்டு அது. ஃபிராங்க் வால்ன் என்ற லக்கோட்டா பழங்குடி ராப் கலைஞர் அதிலிருந்தே ஒலித்துண்டுகளை வெட்டியெடுத்துத் தன் பாடலுக்குள் வைத்தார். கேலிக்குரல் ஓடிக்கொண்டே இருக்க, அதன் மேல் ஏறி நின்று அவர் பதில் சொல்கிறார். சாம்பிளிங் என்ற ஹிப்-ஹாப் உத்தி இத்தனை நியாயமாகப் பயன்பட்டு நான் அதிகம் கேட்டதில்லை.

வால்ன் தெற்கு டகோட்டாவின் ரோஸ்பட் பழங்குடி ஒதுக்கிடத்தில் வளர்ந்தவர். மருத்துவராகும் எண்ணத்தோடு கல்லூரிக்குப் போனவர், பிறகு சிகாகோவின் கொலம்பியா கல்லூரியில் ஒலிக்கலை படித்தார். பாட்டெழுதுவது, தாளம் கட்டுவது, பதிவு செய்வது எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை.

இப்படி ஒரு கலைஞரைப் பல்கலைக்கழகம் அழைத்து, சில வாரங்களோ ஒரு பருவமோ வளாகத்திலேயே தங்கவைப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். கச்சேரியில் பாட்டு ஒரே வீச்சில் வந்து போய்விடும். தங்கியிருப்பவரோ தாளத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் ஓடவிடலாம். பழைய ஒலித்துண்டை எங்கே வெட்டினார், ஏன் அந்த இடத்தில் வெட்டினார் என்று காட்டலாம். மாணவர் இன்று எழுதிய வரியை நாளைக்கும் கேட்டுத் திருத்த அவர் அங்கேயே இருப்பார்.

இதில் ஒரு வரலாறும் இருக்கிறது. 1879இல் பென்சில்வேனியாவில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கார்லைல் உறைவிடப் பள்ளி தொடங்கியபோது, முதலில் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளில் ரோஸ்பட் லக்கோட்டாக்களும் இருந்தார்கள். பள்ளியில் பிள்ளைகளின் முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். 1883இல் வந்த அரசு விதிகள் பழங்குடிகளுடைய சடங்கு நடனங்களையே குற்றமாக்கின. அதே ரோஸ்பட் மண்ணின் பிள்ளை கற்பிப்பவராக ஒரு வகுப்பறைக்குள் நுழைகிறார் என்றால், அது என்னை நெகிழவைக்கிறது.

அதனால்தான் நவம்பர் மாதப் பழங்குடி மரபு விழாவுக்கு மட்டும் அழைத்து, ஒரு மாலை பாடவைத்து, படம் எடுத்து அனுப்பிவிடும் வழக்கம் எனக்கு உவப்பாக இல்லை. அழைப்பவர்கள் அவரை முறையான ஒரு பாடத்தின் ஆசிரியராக்கட்டும். உரிய ஊதியம் கொடுக்கட்டும். வளாகத்துப் பழங்குடி மாணவர்களோடு இருக்க நேரம் ஒதுக்கட்டும்.

கேட்க விரும்பும் நேயர்கள் ‘ஆயில் ஃபார் பிளட்’ பாடலிலிருந்து தொடங்குங்கள். கீஸ்டோன் எக்ஸ்எல் எண்ணெய்க் குழாய்த் திட்டத்தை எதிர்த்துப் பாடியது. பழங்குடிகளும் விவசாயிகளும் பல ஆண்டுகள் எதிர்த்த அந்தத் திட்டம் 2021இல் கைவிடப்பட்டது. அடுத்து அவருடைய புல்லாங்குழல் இசையையும் கேளுங்கள். ராப்பில் சீறும் அதே மூச்சு அங்கே எவ்வளவு நிதானமாக நடக்கிறது என்பது தெரியும்.