பொகோட்டா சென்ற காவலர்

மாணவர்களே, நீல் பிராங்க்ளின் என்னும் கால்பந்தாட்டக்காரரைப் பற்றிச் சிறிது கூறுகிறேன். இங்கிலாந்தின் தற்காப்பு வரிசை நடுவில் நின்று, போருக்குப் பின் தொடர்ந்து 27 பந்தயங்கள் ஆடியவர். எத்துணைத் திறமையிருப்பினும் வாரம் 12 பவுனுக்கு மேல் ஊதியம் கூடாதென்பது அந்நாட்டு விதி. பல்லாயிரவர் கொடுத்த நுழைவுக் கட்டணம் எங்கே போயிற்று? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

1950-இல் உலகக் கோப்பையையும் துறந்து, உயர்ந்த ஊதியம் நாடிக் கொலம்பியாவின் பொகோட்டா நகருக்குக் குடும்பத்தோடு சென்றார். ஊர் ஒத்துவரவில்லை, சில பந்தயங்களோடு திரும்பினார். தாய்நாட்டிலோ ஆடத் தடை! பின்பு ஹல், குரூ, ஸ்டாக்போர்ட் என்று ஊர் ஊராக ஆடினார். நாட்டிற்காக ஆடும் வாய்ப்பு மீண்டும் கிட்டவேயில்லை.

பேராசைக்காரர் என்றார்கள். மாணவனைக் கண்டிக்குமுன் பள்ளி விதியையும் ஒருமுறை படித்துப் பார்த்துப் பழகிய எனக்கு அவ்வாறு சொல்ல மனம் வரவில்லை. அவ்வூதிய வரம்பு 1961-இல் நீக்கப்பட்டது. அப்பொழுது அவர் நாற்பதை நெருங்கியிருந்தார்.