சைலன்சரைப் பாருங்கள்

மார்கழி, தையில் ஊட்டிப் புல்வெளிகளில் உறைபனி படிந்திருக்கும். பழைய டீசல் அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு அது சோதனைக் காலம். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தில் சூடேறும் காற்றுதான் டீசலைப் பற்றவைக்கிறது. குளிரில் அந்தச் சூடு போதாமல் போவதால்தான் சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக்.

செல்ஃப் அடிக்கையில் சைலன்சரைக் கவனியுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. பெரும்பாலும் ஹீட்டர் பிளக் கோளாறு. பிளக்கின் ஒயரைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பிளக்கிலும் வையுங்கள். விளக்கு எரியாவிட்டால் அந்தப் பிளக் போய்விட்டது. நான்கு பிளக்கும் நன்றாக இருந்தால், பிளக்குக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை, ஃபில்டரைப் பாருங்கள். ஈதர் ஸ்ப்ரே மட்டும் வேண்டவே வேண்டாம். சூடான பிளக்கில் பட்டு வெடித்தால் பிஸ்டனே உடையும்.