மின்வெட்டுக்கு அஞ்சாத காந்தங்கள்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

தண்ணீர் லாரி, பார்க்கிங் இரண்டையும் பேசி முடித்த கையோடு அறிவியலுக்கும் நேரம் ஒதுக்கிய செயலாளருக்கு நன்றி.

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பீட்சா கடைக்காரர்கள் கொடுக்கும் ரப்பர் போன்ற காந்த ஸ்டிக்கர் எல்லோர் வீட்டிலும் இருக்கும். அதைத் திருப்பி, படம் அச்சிட்ட பக்கத்தை ஃப்ரிட்ஜில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நழுவி விழுந்துவிடும். காந்தம் ஒன்றுதான், ஆனால் ஒரு பக்கம் மட்டுமே ஒட்டுகிறது. அப்படி இரண்டு ஸ்டிக்கர்களைக் கரும்பக்கங்கள் ஒன்றையொன்று தொடும்படி வைத்து மெல்ல இழுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு வரும், மறு திசையில் படிக்கட்டு இறங்குவதுபோல் தடக் தடக் என்று வரும். உள்ளே வடதுருவமும் தென்துருவமும் மெல்லிய கோடுகளாக மாறி மாறி இருப்பதே காரணம்.

காந்தத்தின் திசையை அம்புக்குறியாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் துண்டில் அம்பு மேலே, அடுத்ததில் வலப்பக்கம், அடுத்ததில் கீழே, பிறகு இடப்பக்கம். இப்படி வரிசையாக அடுக்கினால் ஒரு பக்கத்தில் புலங்கள் கூடி வலுக்கின்றன, மறுபக்கத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒலிநாடா ஆராய்ச்சியில் இருந்த ஜான் மாலின்சன் 1973இல் இதை ஒரு விந்தை என்ற அளவில் எழுதினார். அதைத் துகள் முடுக்கிகளுக்கான கருவியாக்கியவர் அமெரிக்காவில் பெர்க்லி ஆய்வகத்தில் பணியாற்றிய கிளாஸ் ஹால்பாக். இன்று அந்த அடுக்குக்கே அவர் பெயர்தான்.

முடுக்கியில் ஒளிவேகத்தை நெருங்கி ஓடும் துகள்களை வளைக்கவும் சிதறாமல் குவிக்கவும் காந்தம் வேண்டும். வழக்கமாக இதற்கு மின்காந்தம். செம்புச் சுருளில் மின்சாரம் ஓடும், சுருள் சூடாகும், அதைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓட வேண்டும். ஹால்பாக் வளையத்துக்கு இவை எதுவும் வேண்டாம். மெதுவடையை 16 துண்டாக வெட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு காந்தம், நடுத்துளையில் துகள்கள் ஓடும். குவிக்கும் வகை வளையத்தில், நாம் ஒரு முறை சுற்றி வருவதற்குள் அம்பு மூன்று முறை சுழல வேண்டும். அதாவது அடுத்தடுத்த துண்டுகளுக்கு இடையே 67.5 டிகிரி. நடுமையத்தில் புலம் பூச்சியம், விலக விலக அதிகரிக்கும். இது ஒரு தளத்தில் துகளை மையத்துக்குத் தள்ளும், மற்றத் தளத்தில் வெளியே தள்ளும். ஆகவே அடுத்த வளையத்தைக் குறுக்காகத் திருப்பி வைக்கிறார்கள். மாறி மாறிச் செய்யும்போது மொத்தத்தில் குவிகிறது.

சிக்காகோ அருகே ஃபெர்மி ஆய்வகத்தில் 'ரீசைக்ளர்' என்று 3.3 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம் இருக்கிறது. அரும்பாடுபட்டு உண்டாக்கிய எதிர்ப்புரோட்டான்களைப் பாதுகாத்து வைக்கக் கட்டியது. மின்காந்தம் என்றால் ஒரு நொடி மின்சாரம் போனாலும் சேமிப்பு முழுவதும் போய்விடும். (நம் ஜெனரேட்டர் கமிட்டிக்கு இது நன்றாகப் புரியும்!) அதனால் நிலைக்காந்தத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவும் விலை குறைந்த ஸ்ட்ரான்ஷியம் ஃபெரைட். அதில் ஒரு குறை: ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் வலு சுமார் 0.2 சதவீதம் குறையும். இதற்கு அவர்கள் கண்ட வழியை நான் மிகவும் ரசிக்கிறேன். நிக்கல்–இரும்புக் கலவைப் பட்டைகளைப் பக்கத்தில் வைத்தார்கள். அவை புலத்தில் கொஞ்சத்தைத் திருடிக்கொள்ளும். வெப்பம் ஏறினால் திருட்டு குறையும். காந்தம் இழந்ததும் பட்டை விட்டுக்கொடுத்ததும் சரியாகிவிடும். கம்ப்யூட்டரும் இல்லை, சென்சாரும் இல்லை.

அடுத்தது விண்வெளி. சாமுவேல் டிங் தலைமையிலான ஏ.எம்.எஸ். கருவி 2011இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது. முதலில் அதற்கென மீக்கடத்திக் காந்தம் செய்தார்கள். பல மடங்கு வலுவானது, ஆனால் திரவ ஹீலியம் தீர்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. நிலையமோ மேலும் பல ஆண்டுகள் இயங்கப்போகிறது என்று தெரிந்ததும், புறப்படும் நேரத்தில் அதைக் கழற்றிவிட்டு, 1998இல் ஏற்கெனவே ஒருமுறை விண்வெளி போய்வந்த நிலைக்காந்தத்தையே மாட்டினார்கள். வலு குறைந்ததை ஈடுகட்ட உணர்விகளை இன்னும் தள்ளித் தள்ளி அமைத்தார்கள். அன்று இதைக் கேலி செய்தவர்களும் உண்டு. என் கணக்கில் அது சரியான முடிவு. இங்கும் ஹால்பாக் அடுக்குதான் கைகொடுத்தது. வெளியே புலம் கசிந்தால் பூமியின் காந்தப்புலம் நிலையத்தையே திசைகாட்டி முள்போலத் திருப்பப் பார்க்கும்.

இவற்றைக் கோப்பதுதான் கடினம். மின்காந்தத்தைப்போல அணைத்துவிட்டு வேலை செய்ய முடியாது. துண்டுகள் பாய்ந்து ஒட்டும், நொறுங்கும், நடுவில் விரல் சிக்கினால் நசுங்கிவிடும். திருகு வைத்த சட்டத்தில் மெல்ல மெல்ல நகர்த்தித்தான் பொருத்துவார்கள்.

பி பிளாக் மாமி கேட்டார்கள்: "இதெல்லாம் நம் வீட்டில் எங்கே?" தலைக்கு மேலே பாருங்கள். புதிய பி.எல்.டி.சி. மின்விசிறியின் சுழலும் பகுதியில் நிலைக்காந்தம் இருக்கிறது. பழைய விசிறி சுமார் 75 வாட் எடுத்தால், இது சுமார் 30 வாட்.

பேரக்குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு செய்தி. குண்டுமணி அளவில் வரும் நியோடிமியம் காந்த உருண்டைகளை விளையாடக் கொடுக்காதீர்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துத் துளை போட்டுவிடும். வலி தெரியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் பெரிய காந்தங்களை மார்பருகே கொண்டு போக வேண்டாம்.

காந்தத் துண்டுகளை மேஜைமேல் வைத்திருக்கிறேன். ஸ்டிக்கரைத் தொட்டுப் பார்க்கலாம், பெரியதை நான் பிடித்துக்கொள்கிறேன்.