ஏட்டில் ஏறிய கமக்காரன்



அரசர்களின் வரலாற்றைப் புலவர்கள் பாடிவைத்தார்கள். கமக்காரனைப் பாட எவருமில்லை. அவன் பெயர் எழுத்தில் ஏறுவதெல்லாம் வரி கட்டும்போது, வழக்குக்குப் போகும்போது, காணி கைமாறும்போது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எழுதிய தோம்புகளில் நம்மவர்கள் பாட்டன் பூட்டனைத் தேடுவது இதனாலேயே. அமெரிக்காவிலும் இப்படித் தேடுகிறவர்கள் ஏராளம். அங்கே ஏடுகளின் துணையால் மட்டும் உயிர்பெற்றெழுந்த ஒரு முன்னோடிக் கமக்காரரைப் பற்றி இன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். அவர் பெயர் அந்தனி ஜோன்சன். ஆபிரிக்கர்.

1625ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேர்ஜீனியாக் குடியேற்றத்தில் ஓர் ஆட்கணக்கு எடுத்தார்கள். யார், எந்தக் கப்பலில், எந்த ஆண்டில் வந்தார் என்பதோடு வீட்டிலிருந்த தானியத்தையும் ஆயுதத்தையும் கூட எழுதிக்கொண்டார்கள். பெனற் என்பவருடைய தோட்டத்துக் கணக்கில் ‘அந்தோனியோ, நீக்கிரோ’ என்று ஒரு பெயர் உண்டு. 1621இல் ‘ஜேம்ஸ்’ கப்பலில் வந்தவர். அதே தோட்டத்தில் ‘மேரி, நீக்கிரோப் பெண்’. 1622இல் வேறொரு கப்பலில் வந்தவள். இவ்விரண்டு வரவுகளுக்கும் இடையில் பெரிய இரத்தக்களரி ஒன்று நடந்திருந்தது. 1622 மார்ச்சில் பவ்ஹற்றன் பழங்குடியினர் குடியேற்றங்களைத் தாக்கியபோது 347 பேர் மாண்டனர். பெனற் தோட்டத்தில் மட்டும் ஐம்பதுக்கு மேல். தப்பியவர் ஒரு சிலரே. அவர்களுள் அந்தோனியோவும் ஒருவர்.

பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஏடுகளில் மௌனம். மீண்டும் அவரைச் சந்திக்கும்போது செசப்பீக் குடாவின் கிழக்குக் கரையில், நோர்தாம்ரன் மாவட்டத்தில், அந்தனி ஜோன்சன் என்ற பெயரோடு, அடிமைத்தளை நீங்கிய கமக்காரராக இருக்கிறார். அந்தோனியோதான் இந்த அந்தனி என்பதை எப்படி நம்புவது? 1653 பெப்ரவரியில் அவருடைய தோட்டம் தீக்கிரையானது. வரிச்சலுகை கேட்டு நீதிமன்றுக்குப் போனார். கணவனும் மனைவியும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் வாழ்ந்து கடுமையாக உழைத்தவர்கள் என்று நீதிபதிகள் குறித்தார்கள். முப்பதைக் கழித்துப் பாருங்கள். 1621, 1622க்குப் போய்ச் சேருகிறோம். மனைவியின் பெயரும் மேரி. பழைய ஏடு படிப்பவருக்கு இதைவிட இன்பம் வேறில்லை. ஆனால் ஒரு விழிப்பு வேண்டும். அக்கால ஆங்கிலேயருக்கு ஆண்டு மார்ச் 25இலேயே பிறந்தது. நமது 1653 பெப்ரவரி அவர்கள் ஏட்டில் 1652.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. 1643ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆபிரிக்கப் பெண்களுக்கும் தலைவரி இருந்தது. வெள்ளைக்கார மனைவியருக்கு இல்லை. மேரியையும் இரண்டு பெண்மக்களையும் ஆயுள் முழுவதும் அவ்வரியிலிருந்து நீதிமன்று விடுவித்தது.

1651இல் அவருக்கு 250 ஏக்கர் காணி கிடைத்தது. கப்பற்கூலி கொடுத்து ஓர் ஆளை வருவித்தால் ஐம்பது ஏக்கர் என்பது அங்கத்தைய விதி. ஐந்து பேருக்கு 250. அடுத்த ஆண்டு மகன் ஜோன் 550 ஏக்கர் பெற்றார். ஆட்கணக்கில் காணி கொடுத்த இப்பட்டியல்களில்தான், 1635இல், ‘ரோனி, கிழக்கிந்தியன்’ என்றும் ஒரு பெயர் வருகிறது. எந்தத் துறையில் கப்பலேறினானோ!

1645ஆம் ஆண்டு வழக்கேடு ஒன்றில் ‘அந்தனி என்ற நீக்கிரோ’ பேசிய வார்த்தைகளை எழுத்தர் பதிந்துள்ளார். வெள்ளையர் ஒருவரோடு பங்காக விதைத்த சோளவயலைப் பிரித்துக்கொண்டு வந்தபின், இப்போது என் நிலம் எது என்று எனக்குத் தெரியும், விரும்பியபோது உழைப்பேன், விரும்பியபோது ஓய்ந்திருப்பேன் என்கிறார். அந்தப் பெயரில் வேறு ஆட்களும் இருந்தார்கள் என்பதால் சிலர் ஐயுறுவதுண்டு. பிறீன், இன்னெஸ் என்ற இரு வரலாற்றாசிரியர்கள் இது ஜோன்சனின் குரலே என்று கொண்டு, 1980இல் வெளியிட்ட தம் நூலுக்கு அவ்வாசகத்திலிருந்தே தலைப்பை எடுத்தார்கள்.

இதுவரை கேட்டவர்களுக்கு அவர்மேல் ஓர் அன்பு பிறந்திருக்கும். அடுத்த ஏட்டைத் திறக்கத் தயக்கமாக இருக்கிறது. ஜோன்சனிடம் ஜோன் கேசர் என்ற ஆபிரிக்கர் வேலை செய்தார். தாம் ஏழெட்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவர் என்றும், ஜோன்சன் அதற்கு மேலும் ஏழாண்டு தம்மை வைத்திருக்கிறார் என்றும் அவர் முறையிட்டார். அயலவரான றொபேட் பாக்கர் என்ற வெள்ளையர் கேசரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். ஜோன்சன் வழக்காடினார். 1655 மார்ச்சில் நீதிமன்று கேசரை ஜோன்சனிடமே திருப்பி அனுப்பியது. கேசர் ஆயுள் முழுவதற்கும் அடிமையானார். கப்பலில் பண்டமாக வந்திறங்கிய ஒருவர் இன்னொருவரைப் பண்டமாக்கக் கேட்டு வென்ற வழக்கு இது. காலம் அப்படி என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. கேசர் கேட்டதும் அதே காலத்தில்தானே?

1665இல் குடும்பம் மேரிலாந்துக்குப் பெயர்ந்தது. அங்கே 300 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, ‘ரோனியின் திராட்சைத் தோட்டம்’ என்று பெயரிட்டார்கள். 1670இல் அந்தனி இறந்துவிட்டிருந்தார். அவ்வாண்டு ஓகஸ்டில், அவர் வேர்ஜீனியாவில் மகன் றிச்சட்டுக்கு விட்டுவந்த ஐம்பது ஏக்கரைப் பற்றி அங்கே யூரர்கள் கூடினார்கள். ஜோன்சன் நீக்கிரோ, ஆகவே அந்நியர், காணி அரசுக்குரியது என்று முடிவு கூறினார்கள். அது வெள்ளையர் ஒருவர் கைக்குப் போயிற்று. முப்பது ஆண்டு உழைப்பைப் போற்றி எழுதிய அதே மண்ணில், பதினேழே ஆண்டுகளில் இப்படி ஒரு வரி!

இவ்வளவும் நமக்குத் தெரிவதற்கு நோர்தாம்ரன் ஏடுகள் 1632 முதல் தொடர்ச்சியாகப் பிழைத்திருப்பதே காரணம். பாதுகாப்புக்கென்று உள்நாட்டுப் போரின்போது றிச்மண்டுக்கு அனுப்பப்பட்ட வேறு சில மாவட்டங்களின் ஏடுகள் 1865இல் அந்நகரோடு எரிந்துபோயின. அங்கே வாழ்ந்த அந்தோனியோக்களை இனிக் காண முடியாது.

1677இல் பேரன், அவரும் ஜோன் ஜோன்சன்தான், மேரிலாந்தில் 44 ஏக்கர் வாங்கினார். தோட்டத்துக்கு அவர் வைத்த பெயர் ‘அங்கோலா’. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தோடு இக்குடும்பம் ஏடுகளிலிருந்து மறைந்துவிடுகிறது.