கத்தியும் திருவுளச்சீட்டும்



சத்திரவைத்தியர் ஒருவரின் திறமை அவர் வெட்டும் வெட்டிலேயே உள்ளதென்று எண்ணுவோர் பலர். வெட்டைக் குறைத்துப் புகழ்பெற்ற ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். அவர் அமெரிக்கரான பேர்ணாட் பிஷர்.

1894இல் பல்ரிமோர் நகரத்துச் சத்திரவைத்தியப் பேராசான் வில்லியம் ஹால்ஸ்ரெட், மார்புப் புற்றுநோய்க்குத் தாம் செய்துவந்த சத்திரசிகிச்சையின் பலன்களை வெளியிட்டார். மார்பகத்துடன் அதன் கீழுள்ள தசைகளையும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே அகற்றுவது அது. நோய் ஓரிடத்திற் தோன்றிப் படிப்படியாகப் பரவுவது. ஆதலால் அகல வெட்டினால் வேரோடு போய்விடும் என்பது அவர் கொள்கை. கை வீங்கியும் தோள் அசையாமலும் பெண்கள் வருந்தினர். ஆயினும் முக்கால் நூற்றாண்டு காலம் அதுவே வேதவாக்காயிருந்தது. ஹால்ஸ்ரெட்டை இகழ்வது தகாது. சத்திரசிகிச்சையில் றப்பர்க் கையுறையைப் புகுத்தியவரும் அவரே. குற்றம், அவர் சொல்லைப் பரீட்சியாமல் ஏற்ற சீடருடையது.

பிஷர் 1918இற் பிற்ஸ்பேர்க் நகரிற் பிறந்து, 1943இல் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்திலேயே வைத்தியப் பட்டம் பெற்றார். சத்திரவைத்தியராயிருந்தும் ஆய்வுகூடத்தை விட்டாரில்லை. அங்கே சகோதரர் எட்வினுடன் விலங்குகளிற் செய்த சோதனைகளில், புற்றுநோய்க் கலங்கள் கணுக்களில் அடங்கி நில்லாமல் இரத்தத்திலும் கலந்து செல்வதைக் கண்டார். அப்படியாயின் அகல வெட்டுவதால் என்ன பயன்?

1971இல் அவர் தலைமையிற் பெரும் பரீட்சை ஒன்று தொடங்கிற்று. 1,600க்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்தனர். யாருக்குப் பெரிய சிகிச்சை, யாருக்குச் சிறியது என்பதை வைத்தியர் தீர்மானிக்கவில்லை; திருவுளச்சீட்டுப் போலத் தற்செயலே தீர்மானித்தது. வைத்தியர் தெரிந்தெடுத்தால், நோய் குறைந்தவர்களைச் சிறிய சிகிச்சைக்கே அனுப்பிவிடுவார். பின்னர் பலனை ஒப்பிட முடியாது. "நோயாளியின் உயிரைச் சீட்டுக்கு விடுவதா?" என்று சத்திரவைத்தியர் பலர் சினந்தனர். சினம் நியாயமானதே. ஆனால் பரீட்சிக்காத வெட்டும் ஒரு சீட்டுத்தானே!

தசைகளை அகற்றியவர்களும் அகற்றாதவர்களும் ஒத்த காலமே வாழ்ந்தனர். 1976இல் ஆரம்பித்த அடுத்த பரீட்சை, கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச்சிகிச்சை அளித்தாலும் ஆயுள் குறைவதில்லை என 1985இற் காட்டிற்று. அத்துடன் அவர் ஓயவில்லை. 2002இல், முதற் பரீட்சையிற் சேர்ந்த பெண்களின் 25 ஆண்டுக் கணக்கை மீண்டும் எடுத்து வெளியிட்டார். முடிவு மாறவில்லை. அவ்வாண்டில் அவருக்கு 84 வயது நிறைந்தது.